பெட்டியில் குறை இல்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நம் பெரிய மனுஷன் பேரனும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று உறையைப் பார்த்ததுமே பயந்துபோவாய், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் நான், ஆனாலும் என் கடிதத்தை எழுதித் தா என்று யார் வாசலிலும் நின்றதில்லை, இதையும் நானேதான் எழுதுகிறேன். அப்பா படிப்பகத்துக்குப் போயிருக்கிறார், நாலு மணிக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் திரும்புவார், அதற்குள் முடிக்கப் பார்க்கிறேன். நீ இதை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் படிக்காதே, உட்கார்ந்து படி.

வீட்டில் குளியலறைக்கு மேலே ஒழுகிக்கொண்டிருந்ததே, அதை ஒரு வழியாக அடைத்தாயிற்று. ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று வந்த கொத்தனார் நாலு நாள் இருந்தார், அவருக்கு டீ போட்டே என் கை ஓய்ந்துவிட்டது. மாடி வீட்டு டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது பகலெல்லாம் வீட்டில்தான் இருக்கிறார், தலைக்கு மேலே நாற்காலி இழுக்கும் சத்தத்தை வைத்தே அவர் எப்போது சாப்பிடுகிறார் எப்போது படுக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். நம் பெரிய மனுஷன் பள்ளியில் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியதை நான் மளிகைக் கடைக்காரரில் ஆரம்பித்து தபால்காரர் வரைக்கும் சொல்லியாயிற்று, கடைக்காரர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் "பேரன் அடுத்து என்னம்மா ஜெயிச்சான்" என்று அவரே கேட்டுவிடுகிறார், கிண்டல்தான், இருக்கட்டும், கிண்டல் செய்கிறவர் பேரன் அப்படி ஒன்று வாங்கிக் காட்டட்டும். தையல் மெஷினில் பள்ளிச் சீருடை மட்டும் தைக்கிறேன், ஊசியில் நூல் கோப்பதற்குத்தான் கண்ணாடி வேண்டியிருக்கிறது. ஹாலை நீ இப்போது பார்த்தால் இது நம் வீடா என்பாய். அப்பாவின் பாட்டு செட் அங்கே இல்லை. சுவரில் அது நின்ற இடம் மட்டும் வெளுக்காமல் இரண்டு கட்டமாகத் தெரிகிறது. போனில் உன்னிடம் இதை நான் சொல்லவில்லை, சொன்னால் ஏன் என்று கேட்பாய், அந்த ஏனுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ எட்டாவது படிக்கும்போது, வீட்டைக் காலி செய்துகொண்டு போன பல் டாக்டரிடமிருந்து அப்பா அந்த முதல் செட்டை வாங்கி வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்ட் பிளேயர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர். கடையில் பளபளவென்று புதிது கிடைக்கும்போது யாரோ கேட்டுச் சலித்ததை எதற்குத் தூக்கி வருகிறீர்கள் என்று நான்கூடக் கேட்டேன். "அந்த விலைக்குப் புதுசு வாங்கினா பிளாஸ்டிக் டப்பாதான் வரும், பழசுல வாங்கினா ராஜா வீட்டுப் பெட்டியே வரும்" என்றார். அவருடைய அச்சகத்திலும் அதே கதைதான், முதலாளி ஆசைப்பட்டு வாங்கிய புது மெஷின் ஆறு வருஷத்தில் படுத்துவிட்டது, அப்பா ஓட்டிய பழைய இரும்பு மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் பழசு என்றால் அவருக்கு ஒரு மரியாதை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் எல்லோரையும் வாயைப் பொத்தச் சொல்லிவிட்டு, "பாட்டு கிடக்கட்டும், பாடறவர் நடுவுல மூச்சு இழுக்கறார் பாரு, அது கேக்குதா" என்பார். எனக்குப் பாட்டைவிட அடுப்பில் இருப்பது முக்கியம், ஆனாலும் அந்த மூச்சு எனக்குக் கேட்கும். உனக்கும் கேட்கும். நீ வேண்டுமென்றே கேட்கவில்லை என்று சொல்லி அவரை வெறுப்பேற்றுவாய்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்த மூச்சைக் காணோம் என்றார். பெட்டி மங்கிவிட்டது, பழசாகிவிட்டது இல்லையா, உள்ளே ஏதோ காய்ந்திருக்கும் என்று ரேடியோ மெக்கானிக்கை வரவழைத்தார். அந்த மனிதரும் பொறுமையாக இரண்டு நாள் நம் ஹாலில் உட்கார்ந்து காய்ந்துபோன கண்டென்சர்களை மாற்றி, ஸ்பீக்கர் ஓரத்தில் உதிர்ந்துபோயிருந்த ஃபோமை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டி, பாட்டைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே "சார், இப்ப இது கடையில இருந்து வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி இருக்கு" என்றார். அப்பா கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்கு அப்படித் தெரியல, உனக்கு எப்படி இருக்கு" என்று கேட்டார். எனக்கு எல்லாமே கேட்டது. மூச்சும் கேட்டது. அதற்கு முன்பே வாசல் மணி அடித்தால் அவர் எழுந்திருக்காததை நான் பார்த்திருக்கிறேன், குக்கர் விசில் அவர் காதுக்கு எட்டாததையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நான் என்ன சொன்னேன் தெரியுமா, "ஆமாங்க, கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு" என்று சொன்னேன். மெக்கானிக் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் வேலையை நான் கெடுத்துப் பேசிவிட்டேன், அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பாய். அச்சகத்தில் ஒரு பைண்டர் இருந்தார், அப்பாவைவிடப் பெரியவர், அவருக்குக் காது போய்விட்டது. எல்லோரும் அவரை டமாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொண்டு அவர் எதிரிலேயே அசிங்கமாகத் திட்டுவார்கள், அவரும் ஏதோ நல்லது சொல்கிறார்கள் என்று தலையாட்டுவார். அப்பா அதை வீட்டில் வந்து சொல்லுவார், நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயமாகத் திரும்பியது. என் வீட்டுக்காரரை ஒருத்தர் டமாரம் என்று சொல்லி நான் கேட்கக்கூடாது. அதனால் அவருக்குப் பதிலாக நான் கேட்க ஆரம்பித்தேன், யாராவது பேசினால் முந்திக்கொண்டு அதையே நான் சத்தமாகத் திருப்பிச் சொல்வேன், பார்க்கிறவர்களுக்கு இந்த அம்மா வாயாடி என்று தோன்றும், தோன்றட்டும் என்று விட்டேன். இதையெல்லாம் நான் அவருக்குச் செய்த உபகாரம் என்றே நினைத்திருந்தேன்.

நான் மங்கல் என்று சொன்னதும் அப்பா அதைவிடப் பெரிய செட்டைத் தேட ஆரம்பித்தார். இரண்டு வருஷத்துக்குமேல் அலைந்து ஒரு வழியாகப் பிடித்தார், மூடிப்போன ஒரு ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வந்த ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஆள் பிடித்துத்தான் இறக்கினார்கள், ஸ்பீக்கர் என் தோள் உயரம். அந்தக் காலத்தில் பெரிய பணக்காரர்கள் வாங்கியது என்று அவருக்கு ஒரே பெருமை. அந்த விடுமுறைக்குத்தான் நீயும் பேரனும் வந்தீர்கள். நீ வந்த அன்றே ஆரம்பித்துவிட்டாய், "இதுல பத்துல ஒரு பங்கு விலைக்கு இப்ப சின்னதா வருதுப்பா, சத்தம் இதைவிடத் தெளிவா இருக்கும், கெட்டுப்போனா இதுக்கு சாமான் எங்க தேடுவீங்க" என்று. அவர் விடுவாரா, "அது தூக்கிப் போடறதுக்குன்னே செய்யறது, இது காது இருக்கிறவன் காது இருக்கிறவனுக்குச் செஞ்சது" என்றார். அதுவரைக்கும் அப்பாவும் மகளும் எப்போதும் போடுகிற சண்டைதான், நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அவர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், மாடி வீட்டு டீச்சர் தரையைத் தட்டி, பேரன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளே ஓடியபோது நீ சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர் முகத்துக்கு நேராக நின்று, "அப்பா, குறை பெட்டியில இல்ல, உங்க காதுல" என்றாய். அது மட்டும் அவருக்குக் கேட்டது. உடனே நான் என்ன செய்தேன், "பெத்தவரைப் பாத்துப் பேசற பேச்சா இது, படிச்ச திமிரா" என்று பேரன் முன்னாலேயே உன்னைக் கிழித்தேன். நீ சொன்னது உண்மை. உண்மை என்று எனக்கு உனக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டே உன்னைத் திட்டினேன்.

மூன்றாம் நாள் காலையில் நீ கிளம்பினாய். வண்டி வாசலில் நின்றது. அப்பா செட்டைப் பார்த்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நீ அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "அப்பா, ஏதோ வாய் தவறி வந்துடுச்சு, மனசுல வெச்சுக்காதீங்க, நான் கிளம்பறேன்" என்றாய், மெதுவாகத்தான் சொன்னாய், அழுதுகொண்டே சத்தமாகப் பேச யாரால் முடியும். அவர் திரும்பவில்லை. நீ நின்று பார்த்தாய், பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். கண்ணு, அவருக்குக் கேட்கவே இல்லை. வண்டி தெருமுனை திரும்பிய பிறகு எழுந்து வந்து, "போய்ட்டு வரேன்னுகூட ஒரு வார்த்தை சொல்லாம போய்ட்டாளே" என்று என்னிடம் சொன்னார். இல்லைங்க, உங்கள் பின்னாலேயே நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போனாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உங்களுக்குக் கேட்கவில்லை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே. "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடினா" என்றேன். அந்த ஒரு பொய்யை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் குடும்பம் நடத்தினேன். அவர் மன்னிக்கவில்லை என்று நீ நினைத்தாய், நீ மதிக்கவில்லை என்று அவர் நினைத்தார், நடுவில் நான் எல்லாம் தெரிந்தவளாக உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவர் பிறந்த நாளுக்கு நீ அந்த இரண்டு சின்ன ஸ்பீக்கரை அனுப்பினாய். அது வந்ததைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை என்று உனக்கு எவ்வளவு வருத்தம் இருந்திருக்கும். நான் சொல்கிறேன் கேள். அவர் அதை அன்றே பிரித்து, கூட வந்த தாளில் இருந்ததை ஒரு வரி விடாமல் படித்து, மேஜைமேல் அளந்து வைத்து, பேரன் பேச்சுப் போட்டியில் பேசியதை நீ அனுப்பியிருந்தாயே, அதைப் போட்டார். எனக்குப் பேரன் பக்கத்தில் நின்று பேசுகிறமாதிரி இருந்தது, அவன் நடுவில் எச்சில் முழுங்கியதுகூடக் கேட்டது. அப்பா சத்தத்தை முழுவதும் கூட்டினார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பிறகு முதல் தடவையாக, "என்ன சொல்றான்" என்று என்னைக் கேட்டார். நான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அவர் எழுந்து போய் இரண்டு உள்ளங்கையையும் இரண்டு ஸ்பீக்கர்மேல் வைத்தார், அச்சகத்தில் மெஷின் சரியாக ஓடுகிறதா என்று இரும்பில் கை வைத்துத்தான் பார்ப்பார், அதேமாதிரி. பேரன் பேசி முடிக்கும் வரைக்கும் கையை எடுக்கவில்லை. "புதுசுல ஒரு குறையும் இல்ல" என்றார். பழைய பெட்டி என்றால் பழசாகிவிட்டது என்று அதன்மேல் பழியைப் போடலாம், நேற்று வந்த பெட்டிமேல் யார் என்ன பழியைப் போடுவது. அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. நீ அனுப்பியதை அவர் வெறுக்கவில்லை, அது அவரிடம் பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மறுநாளே மெக்கானிக்கை வரச்சொல்லி இரண்டு பழைய செட்டையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். அவர் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான் சார், இந்த மாதிரி இனிமே யாரும் செய்யப்போறதில்ல, எதுக்குக் குடுக்கறீங்க" என்று இரண்டு தடவை கேட்டார். "இடத்தை அடைக்குது" என்றார் அப்பா. நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு உங்கள் வேலையில் குறை இல்லை, நான்தான் மாற்றிச் சொன்னேன் என்று அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் திமிர் விடவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

போன மாதம் காது டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் இந்தப் பித்தானை அமுக்குங்கள் என்று கையில் கொடுத்தார்கள். வெளியே அந்தப் பெண் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுக்கொண்டே போகிறாள், உள்ளே அவர் பரீட்சை எழுத வந்த பிள்ளைமாதிரி பித்தான்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், விரல் அசையவில்லை. முப்பத்திரண்டு வருஷம் மெஷின் பக்கத்தில் நின்றது, அதோடு வயசு, மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும் என்றார் டாக்டரம்மா. மூச்சு, குழந்தைகள் குரல், போனில் வரும் பேச்சு எல்லாம் அதில்தான் சேர்த்தி. "நாலு வருஷம் முன்னாடி வந்திருந்தா காதுல வைக்கிற மெஷின் நல்லாப் பழகியிருக்கும்மா, இப்ப கொஞ்சம் கஷ்டம், நேர்ல பேசினா புரிஞ்சுக்குவார், போன் வேணாம். வீட்ல யாருமே கவனிக்கலையா" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "உனக்கு முன்னாடியே தெரியும்ல" என்றார். நான் தலையாட்டினேன். "மெக்கானிக் சொன்னான், நம்பல. பொண்ணு சொன்னா, நம்பல. உன்னைக் கேட்டேன் பாரு, உன்னைத்தான் நம்பினேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி அழுது தீர்த்திருப்பேன்.

இப்போது அந்த மெஷினைக் காதில் மாட்டிக்கொள்கிறார். நான் தட்டு கழுவினால் இடி இடிக்கிறது என்கிறார், டீச்சரின் நாற்காலியை ஒரு நாள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்கிறார். ஆனால் போனை மட்டும் தொடமாட்டார். அப்பா குளிக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார், இப்போதுதான் படுத்தார் என்று நான் உன்னிடம் சொன்னதெல்லாம் பொய், முக்கால்வாசி நேரம் அவர் என் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. பேரன் ஏதாவது கேட்டு, தான் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லி, அவன் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குப் பயம். போன வாரம் நீ "இன்னும் கோவமாத்தான் இருக்காராம்மா" என்று கேட்டாய் பார், அன்றைக்குத்தான் இந்தக் கடிதத்தை எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். நீ என்னோடு போனில் பேசு, அவருக்குக் கடிதம் எழுது. உறைமேல் அவர் பெயரைப் போடு, என் பெயர் வேண்டாம். வாழ்நாளெல்லாம் எழுத்தோடு இருந்தவர், சாமான் கட்டி வந்த தாளைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் போடுவார், உன் கடிதத்தை எத்தனை தடவை படிப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேரனையும் நாலு வரி எழுதச் சொல், அந்தப் பேச்சை அப்படியே எழுதி அனுப்பினாலும் சரி.

மாப்பிள்ளை தன் நண்பர் பழைய செட் வாங்குவதா புதிது வாங்குவதா என்று யோசிப்பதாகச் சொன்னாராமே. எனக்கு அதில் என்ன தெரியும், ஆனாலும் சொல்கிறேன், பழசோ புதுசோ அவர் இஷ்டம், கடைக்குப் போவதற்கு முன்னால் காதை ஒரு தடவை காட்டிவிட்டு வரச்சொல். அதோடு வீட்டில் யாரையாவது எப்படி இருக்கிறது என்று கேட்டால், கேட்கப்படுகிறவர் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

இதுவரைக்கும் எழுதி முடித்துக் கீழே கையெழுத்துப் போடலாம் என்று இருந்தேன், அப்பா வந்துவிட்டார். ஆறு ஆனதே தெரியவில்லை. தாளைத் தையல் மெஷின் துணிக்கு அடியில் தள்ளப் போனேன், பிறகு போதும் என்று தோன்றியது, அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டேன். நின்றுகொண்டேதான் படித்தார். டமாரம் வந்த இடத்தில் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார், அதற்குமேல் நிமிரவில்லை. நீ கிளம்பிய காலையைப் பற்றி எழுதியிருக்கிறேனே, அந்த இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார். அதையே திரும்பப் படித்தார். "என் பின்னாடியா நின்னா" என்று கேட்டார். ஆமாம் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "எவ்வளவு நேரம் நின்னா" என்றார். வண்டிக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடிக்கும் வரைக்கும் நின்றாள் என்றேன். அந்த ஹாரனும் அவருக்குக் கேட்டிருக்காது. என் தாளிலிருந்தே இரண்டு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு போய் மேஜையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். காதில் மாட்டியதைக் கழற்றி வைத்துவிட்டார், நான் கூப்பிட்டால் கேட்காது. என்ன எழுதுகிறார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. முடித்ததும் இந்த உறையிலேயே வைத்து அனுப்புகிறேன், அதை முதலில் படி.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும், பேரன் இன்னும் நாலு மேடை ஏறிப் பேச வேண்டும், நான் அதை இந்தத் தெருவெல்லாம் சொல்ல வேண்டும். அவன் காதில் எந்நேரமும் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்பதை மட்டும் குறைக்கச் சொல், மறக்காதே. என்மேல் கோபம் வந்தால் அதையும் எழுது, அது நியாயம்தான்.

இப்படிக்கு,
உன்னைத் திட்டியதற்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்காத
அம்மா